சிலிக்கான்-ஜெர்மானியம் அதிவேக சிப்: வடசென்னையில் உட்கார்ந்து தொடங்குபவருக்கு

இசிஇ படிக்கிற பிள்ளைகள் என்னிடம் முதலில் கேட்பது பெரும்பாலும் இதுதான்: "அண்ணா, இந்த டிரான்சிஸ்டருக்கு எஃப்டி 350 கிகாஹெர்ட்ஸ்னு போட்டிருக்கே, அப்ப நான் போடுற சர்க்யூட்டும் 350க்கு ஓடுமா?" ஓடாது. எஃப்டி என்பது டிரான்சிஸ்டரின் கரண்ட் கெயின் ஒன்றாக இறங்கிவிடும் அதிர்வெண், அதாவது அந்த ஒற்றை டிரான்சிஸ்டரின் வேக எல்லை. அதில் மூன்றில் ஒரு பங்கு கிடைத்தாலே பெரிய விஷயம். மீதி வேகம் எங்கே போகிறது என்று தேடிப் பிடித்து, அதில் கொஞ்சத்தையாவது மீட்பதுதான் இந்த வேலை. டிரான்சிஸ்டரை வேகமாக்கும் பாடு ஃபேபில் (சிப் செய்யும் ஆலையில்) இருப்பவர்களுடையது, அதை அவர்கள் முடித்துவிட்டார்கள். நம் கையில் இருப்பவை மூன்று: எவ்வளவு கரண்ட் விடுவது, எவ்வளவு ஸ்விங் (சிக்னல் வோல்டேஜ் மேலும் கீழும் ஆடும் அளவு) வைப்பது, வயரை எப்படி ஓட்டுவது. கீழே நான் சொல்லப்போவதெல்லாம் இந்த மூன்றைச் சுற்றித்தான்.

தண்டையார்பேட்டை, வியாசர்பாடி, திருவொற்றியூர் பக்கம் இருந்துகொண்டு, ரிச்சி தெருவில் வாங்கிய பழைய லேப்டாப்பை வைத்துக்கொண்டே இதைத் தொடங்கலாம். சில வருடங்களுக்கு முன்பு இப்படிச் சொல்லியிருக்க மாட்டேன். மென்பொருள் லைசென்ஸ் கல்லூரி லேபுக்குள் பூட்டிக் கிடந்தது. ஃபேபின் டிசைன் கிட் (அவர்களுடைய டிரான்சிஸ்டர் மாடல்களும் லேஅவுட் விதிகளும் அடங்கிய தொகுப்பு) கையில் வர வேண்டுமானால் ரகசிய ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. இப்போது இரண்டுமே திறந்துவிட்டன.

ஜெர்மானியம் எதற்கு

சாதாரண பைபோலார் டிரான்சிஸ்டரின் பேஸ் பகுதியில் கொஞ்சம் ஜெர்மானியத்தைக் கலக்கிறார்கள். சிலிக்கானின் பேண்ட்கேப் (எலெக்ட்ரானை ஓடவிடத் தேவையான ஆற்றல்) 1.12 எலெக்ட்ரான் வோல்ட், ஜெர்மானியத்தினுடையது 0.66. கலவை அதிகமாக ஆக பேண்ட்கேப் குறையும். எமிட்டர் பக்கம் ஜெர்மானியத்தைக் குறைவாகவும் கலெக்டர் பக்கம் அதிகமாகவும் வைத்தால் பேஸுக்குள்ளேயே ஒரு மின்புலம் உருவாகி, எலெக்ட்ரானைக் கலெக்டர் பக்கம் தள்ளிவிடும். கடக்கும் நேரம் குறைகிறது. பீட்டாவும் (கலெக்டர் கரண்டுக்கும் பேஸ் கரண்டுக்கும் உள்ள விகிதம்) பல மடங்கு ஏறுகிறது, அந்த உபரி பீட்டாவைச் செலவழித்து பேஸில் டோப்பிங்கை ஏற்றி, பேஸ் ரெசிஸ்டன்ஸைக் குறைத்துக்கொள்கிறார்கள். எஃப்மேக்ஸ் (பவர் கெயின் ஒன்றாக இறங்கும் அதிர்வெண்) ஏறுவதற்கு அதுவே முக்கியக் காரணம்.

இப்படி இரண்டு வேறு பொருள்களைச் சேர்த்துச் செய்யும் ஹெட்டிரோஜங்ஷன் பைபோலாரின் கோட்பாட்டை ஹெர்பர்ட் க்ரோமர் 1957லேயே எழுதிவிட்டார், 2000ல் நோபல் பரிசும் பெற்றார். சிலிக்கானில் அதைச் செய்து காட்ட 1987 வரை ஆனது. சிலிக்கான் அணுக்களின் இடைவெளிக்கும் ஜெர்மானிய அணுக்களின் இடைவெளிக்கும் சுமார் 4 சதவீதம் வித்தியாசம். அதனால் கலவைப் படலம் தடித்துப்போனால் குறைகள் விழுந்துவிடும். ஐபிஎம்மில் பெர்னார்ட் மேயர்சன் மிகத் தூய வெற்றிடத்தில், குறைந்த வெப்பநிலையில் மெல்லிய படலம் வளர்க்கும் முறையைக் கொண்டுவந்த பிறகுதான் இது உற்பத்திக்குப் போனது. வரலாறு இவ்வளவு தெரிந்தால் போதும்.

எங்கே பயன்படுகிறது என்றால், கார்களின் 77 கிகாஹெர்ட்ஸ் ரேடார் நெடுநாள் இதில்தான் ஓடியது. இப்போது அதில் நல்ல பங்கைச் சிமாஸ் (மாஸ் டிரான்சிஸ்டர்களால் ஆன சாதாரண சிப் தொழில்நுட்பம்) பிடுங்கிக்கொண்டது, அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் ஆப்டிகல் ஃபைபரின் இரண்டு முனையிலும், லேசர் மாடுலேட்டரை ஓட்டும் டிரைவரிலும் ஒளியை வாங்கும் ஆம்ப்ளிஃபயரிலும், சிலிக்கான்-ஜெர்மானியத்துக்கு இன்னும் மரியாதை இருக்கிறது. சென்னைக் கரையில் கடலடிக் கேபிள்கள் ஏறுகின்றன என்பது நமக்குத் தெரியும். இது அந்த மாதிரி இணைப்புகளின் முனையில் உட்காரும் சிப்.

லேப்டாப்பும் மென்பொருளும்

ஜெர்மனியில் ஐஎச்பி என்று ஒரு ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. ஃபிராங்க்ஃபுர்ட் என்றதும் விமான நிலையம் இருக்கும் ஊரை நினைத்துவிடாதீர்கள், இது போலந்து எல்லையில் ஓடர் ஆற்றங்கரையில் இருக்கும் இன்னொரு ஃபிராங்க்ஃபுர்ட். அவர்களுடைய 130 நானோமீட்டர் பைசிமாஸ் (பைபோலாரும் சிமாஸும் ஒரே சிப்பில்) தொழில்நுட்பமான எஸ்ஜி13ஜி2வின் டிசைன் கிட்டைத் திறந்த உரிமத்தில் கிட்ஹப்பில் போட்டிருக்கிறார்கள். எஃப்டி 350, எஃப்மேக்ஸ் 450 கிகாஹெர்ட்ஸ் வரை. கையெழுத்து, கட்டணம் எதுவும் வேண்டாம்.

கூடத் தேவைப்படுபவை: சர்க்யூட் வரைய எக்ஸ்கீம், சிம்யுலேஷனுக்கு என்ஜிஸ்பைஸ், லேஅவுட்டுக்குக் கேலேஅவுட், மின்காந்தக் கணக்குக்கு ஓப்பன்இஎம்எஸ். எல்லாம் இலவசம். ஒவ்வொன்றாக நிறுவப் போனால் ஒன்றுக்கொன்று பதிப்பு ஒத்துவராமல் வெறுத்துப் போவீர்கள். ஆஸ்திரியாவில் லின்ட்ஸ் பல்கலைக்கழகத்தார் அத்தனையையும் ஒரே டாக்கர் இமேஜாக (எல்லாம் நிறுவியே வரும் ஒரு பொட்டலமாக) கட்டி ஐஐசி-ஓசிக்-டூல்ஸ் என்ற பெயரில் தருகிறார்கள், அதையே எடுத்துக்கொள்ளுங்கள். பல ஜிபி இருக்கும். போன் ஹாட்ஸ்பாட்டில் இறக்கினால் அன்றைய டேட்டா காலி, பாதியில் அறுந்தும் போகும். கல்லூரி வைஃபையில் இறக்குங்கள். கொளத்தூர் பக்கம் இருப்பவர்களுக்கு முதல்வர் படைப்பகம் இருக்கிறது, உட்கார்ந்து வேலை செய்யவும் நல்ல இடம்.

8 ஜிபி ராம் இருந்தால் தொடங்கலாம், 16 இருந்தால் நிம்மதி. பழைய லேப்டாப் வாங்கும்போது பிராசசரைவிட ராமையும் எஸ்எஸ்டியையும் பாருங்கள். கடலோரமாகக் காசிமேடு, திருவொற்றியூர் பக்கம் வீடு என்றால் உப்புக் காற்றில் யுஎஸ்பி போர்ட்டும் சார்ஜர் முனையும் சீக்கிரம் களிம்பு பிடிக்கும், வேலை முடிந்ததும் மூடி வையுங்கள். சித்திரை வெயிலில் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே நீண்ட சிம்யுலேஷன் ஓட்டினால் லேப்டாப் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். பெரிய ஓட்டங்களை ராத்திரிக்கு வைத்துக்கொள்வது நல்லது.

முதல் வேலை: ஒரே ஒரு டிரான்சிஸ்டர்

வந்ததும் ஆம்ப்ளிஃபயர், பிஎல்எல் என்று கிளம்பாதீர்கள். ஒரு என்பிஎன் டிரான்சிஸ்டரை எடுத்து, ஒரு ஃபிங்கர் (ஒரே ஒரு எமிட்டர் பட்டை) மட்டும் வைத்து, அதோடு ஒரு வாரமாவது பழகுங்கள். எமிட்டர் அளவு சுமார் 0.07க்கு 0.9 மைக்ரான். இவ்வளவு சின்னதற்குள் ஒன்றிரண்டு மில்லி ஆம்பியர் ஓடுகிறது என்பதே யோசித்துப் பார்க்க வேண்டிய விஷயம்.

முதலில் கம்மல் பிளாட். பேஸ்-எமிட்டர் வோல்டேஜை 0.6லிருந்து 0.95 வரை ஏற்றி, கலெக்டர் கரண்டையும் பேஸ் கரண்டையும் லாக் அளவில் வரையுங்கள். இரண்டும் நேர்கோடாக ஏறி, மேலே போய் வளையும். அந்த வளைவில்தான் எமிட்டர் ரெசிஸ்டன்ஸும் அதிகக் கரண்டின் விளைவுகளும் தெரியும்.

அப்புறம் எஃப்டி. கலெக்டர்-எமிட்டருக்கு 1.2 வோல்ட் வைத்து, ஏசி சிம்யுலேஷனில் கலெக்டர் கரண்டைப் பேஸ் கரண்டால் வகுத்தால் கரண்ட் கெயின். அது பத்து மடங்கு அதிர்வெண்ணுக்கு 20 டெசிபெல் இறங்கும் பகுதியில் ஒரு புள்ளியை எடுத்து, அங்குள்ள கெயினை அந்த அதிர்வெண்ணால் பெருக்கினால் எஃப்டி வந்துவிடும். இதை ஒவ்வொரு பயாஸிலும் (டிரான்சிஸ்டருக்கு வைக்கும் நிலையான டிசி அளவிலும்) செய்து, கலெக்டர் கரண்டுக்கு எதிராக எஃப்டியை வரையுங்கள். இந்த ஒரு படத்தை அச்சடித்துச் சுவரில் ஒட்டலாம். கரண்ட் ஏற ஏற எஃப்டி ஏறும். ஒரு ஃபிங்கருக்கு ஒன்றிரண்டு மில்லி ஆம்பியர் அளவில் உச்சத்தைத் தொடும். அதற்கு மேல் விட்டால் செங்குத்தாகச் சரியும்.

அந்தச் சரிவுக்குக் கிர்க் விளைவு என்று பெயர். கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் திறந்ததும் இரண்டு பக்கமும் எல்லோரும் ஒரே நேரத்தில் நுழைந்தால் என்ன ஆகிறதோ அதுதான் கலெக்டரில் நடக்கிறது. எலெக்ட்ரான்கள் அங்கே நெருக்கியடித்து நிற்பதால் மின்புலமே மாறி, பேஸ் தடித்ததுபோல் ஆகிவிடுகிறது, வேகம் விழுகிறது. அதனால் "கரண்ட் கூட விட்டா ஸ்பீடு கூடும்" என்பது பாதி உண்மை. உச்சம் எந்தக் கரண்டில் வருகிறது என்று பார்த்து, அதற்கேற்ற அளவு டிரான்சிஸ்டரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பயாஸ் என்பது இங்கே கடைசியில் சரிசெய்யும் விஷயம் அல்ல, முதலில் முடிவாக வேண்டியது.

இன்னொன்று, பிவிசிஇஓ. பேஸைத் திறந்து விட்டால் கலெக்டர்-எமிட்டர் தாங்கும் வோல்டேஜ். இந்த டிரான்சிஸ்டரில் அது சுமார் 1.6 வோல்ட்தான். வேகத்துக்காகக் கலெக்டரை மெல்லியதாக்கியதற்குக் கொடுத்த விலை அது. பேஸுக்குக் குறைந்த இம்பீடன்ஸில் வோல்டேஜ் கொடுக்கும்போது கொஞ்சம் தாண்டலாம் என்பது உண்மைதான், அனுபவஸ்தர்கள் தாண்டவும் செய்வார்கள். முதல் சர்க்யூட்டில் வேண்டாம்.

இரண்டாவது: சிஎம்எல் பஃபர்

சிஎம்எல் என்பது கரண்டை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திருப்பி 0, 1 காட்டும் சர்க்யூட் வகை. டிஃபரன்ஷியல் ஜோடி (எமிட்டர்களைச் சேர்த்துக் கட்டிய இரண்டு டிரான்சிஸ்டர்), மேலே இரண்டு ரெசிஸ்டர், கீழே டெயில் என்று சொல்லும் ஒரு கரண்ட் சோர்ஸ். இதற்குமேல் எதுவும் இல்லை. அதிவேக டிஜிட்டல் சர்க்யூட் எல்லாவற்றுக்கும் அடித்தளம் இது.

அறை வெப்பநிலையில் இந்த ஜோடியை ஏறக்குறைய முழுக்க ஒரு பக்கம் திருப்ப 100 மில்லி வோல்ட் போதும், 98 சதவீதக் கரண்ட் அந்தப் பக்கம் போய்விடும். மாஸ் ஜோடிக்கு இதைவிட நிறைய வேண்டும். அதே 1 மில்லி ஆம்பியரில் பைபோலாரின் ஜிஎம் (உள்ளே வோல்டேஜ் மாறினால் கரண்ட் எவ்வளவு மாறும் என்ற அளவு) 38 மில்லி சீமென்ஸ், 130 நானோமீட்டர் மாஸில் பத்தைச் சுற்றித்தான் வரும். சிலிக்கான்-ஜெர்மானியத்தின் நிஜ பலம் எஃப்டி எண்ணைவிட இதில்தான் இருக்கிறது என்பது என் கருத்து. குறைந்த ஸ்விங் போதுமென்றால் லோடில் உள்ள கெப்பாசிட்டன்ஸை நிரப்பவும் காலி செய்யவும் குறைந்த நேரம் போதும்.

சரி, எண்ணைப் போட்டுப் பார்ப்போம். டெயில் கரண்ட் 2 மில்லி ஆம்பியர், லோடு ரெசிஸ்டர் 150 ஓம். ஸ்விங் 300 மில்லி வோல்ட். 100 போதுமென்றேனே, பிறகு ஏன் 300? சிப் சூடானால் தேவை கூடும், எமிட்டர் ரெசிஸ்டன்ஸ் கொஞ்சம் தின்னும், அடுத்த நிலைக்குப் போகும்போது சிக்னல் தேயும். 200லிருந்து 300 வரை வைப்பது வழக்கம்.

அவுட்புட்டில் அடுத்த ஜோடியும் வயரும் சேர்ந்து 20 ஃபெம்டோ ஃபாரட் என்று வையுங்கள். 150 ஓமோடு பெருக்கினால் 3 பிகோ செகண்ட், அதாவது பேண்ட்விட்த் சுமார் 53 கிகாஹெர்ட்ஸ். டிரான்சிஸ்டர் 350, சர்க்யூட் 53! கேள்வி கேட்ட தம்பிக்கு விடை இங்கே இருக்கிறது. இதில் 100 மைக்ரான் நீள வயரே 10 முதல் 20 ஃபெம்டோ ஃபாரட் கொண்டுவரும் என்பதைக் கவனியுங்கள். லேஅவுட்டில் சோம்பேறித்தனமாக ஒரு வளைவு கூடப் போட்டால் பேண்ட்விட்த் பாதியாகிவிடும்.

பேண்ட்விட்த்தைக் கூட்ட இரண்டு வழி. ரெசிஸ்டரை 75 ஆக்கி கரண்டை 4 மில்லி ஆம்பியர் ஆக்கலாம், டிரான்சிஸ்டரையும் இரண்டு ஃபிங்கர் ஆக்க வேண்டும். வயர்தான் பெரிய சுமை என்றால் இது பலன் தரும். அடுத்த நிலையின் டிரான்சிஸ்டரே சுமை என்றால் அதுவும் இரட்டிப்பாகி, மின்செலவு மட்டும் கூடி, வேகம் அப்படியே நிற்கும். இன்னொரு வழி ரெசிஸ்டரோடு தொடராக ஒரு இண்டக்டர். நம் எண்களுக்கு 180 பிகோ ஹென்றி அளவு வரும், பேண்ட்விட்த் சுமார் 1.7 மடங்கு ஏறும். கரண்ட் செலவே இல்லை. ஆனால் அந்த ஒரு இண்டக்டர் மொத்த டிரான்சிஸ்டர்களைவிட அதிக இடம் பிடிக்கும்.

எமிட்டர் ஃபாலோயரை (பேஸில் வரும் சிக்னலை எமிட்டரில் ஏறக்குறைய அப்படியே தரும் டிரான்சிஸ்டரை) பற்றி ஒரு எச்சரிக்கை. லெவல் இறக்கவும் லோடைத் தனியாகப் பிரிக்கவும் இதைப் போடுவார்கள், போடத்தான் வேண்டும். ஆனால் அதன் முன்னால் நீண்ட வயரும் பின்னால் கெப்பாசிட்டிவ் லோடும் இருந்தால், உள்ளே பார்க்கும் ரெசிஸ்டன்ஸ் நெகட்டிவாகி ஊசலாடத் தொடங்கும். சிம்யுலேஷனில் அலைவடிவத்தின் முனையில் அழகான மேடு ஒன்று தெரியும், "வேகம் ஏறிவிட்டது" என்று சந்தோஷப்படாதீர்கள். முன்னால் உள்ள வயரைச் சுருக்குங்கள், அல்லது பேஸில் சில பத்து ஓம் போடுங்கள்.

மூன்றாவது: இரண்டால் வகுக்கும் சர்க்யூட்

புதிய தொழில்நுட்பம் ஒன்று வந்தால் உலகம் முழுக்க முதலில் செய்து காட்டுவது ஸ்டாட்டிக் டிவைடர்தான். இரண்டு லாட்ச் (ஒரு பிட்டைப் பிடித்து வைக்கும் சர்க்யூட்), ஒன்றின் அவுட்புட் மற்றதற்கு, கடைசி அவுட்புட் தலைகீழாக முதலுக்கு. கிளாக்கின் பாதி அதிர்வெண் வெளியே வரும். நீங்கள் செய்ததெல்லாம் சரியா என்று இது ஒன்றே சொல்லிவிடும்.

சப்ளை 3.3 வோல்ட். டேட்டா ஜோடியின் பேஸ் 3.3 என்றால் எமிட்டர் 0.9 இறங்கி 2.4. கிளாக் ஒரு ஃபாலோயர் வழியாக வருவதால் அதன் பேஸும் 2.4, எமிட்டர் 1.5. கீழே டெயிலுக்கு 1.5 மிச்சம். ஒவ்வொரு டிரான்சிஸ்டருக்கும் கலெக்டர்-எமிட்டர் வோல்டேஜை எழுதிப் பாருங்கள், எதுவும் 1.6ஐத் தாண்டக் கூடாது. டேட்டாவுக்கும் ஒரு ஃபாலோயர் சேர்த்தால் வேகம் கூடும், ஆனால் மேல் ஜோடியின் வோல்டேஜ் 1.8க்குப் போய்விடும். இந்தக் கணக்கைத் தாளில் போட்டு முடிக்காமல் எக்ஸ்கீமைத் திறக்காதீர்கள்.

சிம்யுலேஷனில் 50 கிகாஹெர்ட்ஸ் கிளாக் என்றால் ஒரு சுற்று 20 பிகோ செகண்ட், நேர இடைவெளியை 0.1 பிகோ செகண்டுக்கு மேல் விடாதீர்கள். கிளாக்கே கொடுக்காமல் விட்டுப் பாருங்கள், டிவைடர் தானாக ஆடத் தொடங்கும். அது கோளாறு அல்ல. அந்த அதிர்வெண்ணுக்கு இரட்டிப்பான கிளாக்கில்தான் மிகச் சிறிய சிக்னலுக்கும் சர்க்யூட் வேலை செய்யும். ஆடாமல் கல்லுப்பிள்ளையார் மாதிரி நின்றால் தொடக்க நிலையைக் கொஞ்சம் கோணலாக வைத்து மறுபடி ஓட்டுங்கள்.

என்ஜிஸ்பைஸின் இயல்பான வெப்பநிலை 27 டிகிரி. நமக்கு அது மார்கழி! பக்கத்தில் பத்து மில்லி ஆம்பியர் ஓடும் சிப்புக்குள் அந்தக் குளிர் ஒருநாளும் இருக்காது. 85லும் 125லும் ஓட்டிப் பாருங்கள், ஸ்லோ கார்னரையும் (உற்பத்தியில் டிரான்சிஸ்டர் மெதுவாக அமைந்துவிடும் நிலையையும்) சேர்த்து. ஒவ்வொரு டிரான்சிஸ்டரும் தன்னைத் தானே சூடேற்றிக்கொள்வதையும் கிட்டில் உள்ள விபிஐசி டிரான்சிஸ்டர் மாடல் கணக்கில் எடுக்கும், அதை அணைத்து வைக்காதீர்கள்.

லேஅவுட்: வயரும் ஒரு உறுப்பு

எக்ஸ்கீமில் கோடு என்பது வெறும் கோடு. சிப்பில் ஒரு மைக்ரான் வயருக்கு ஒரு பிகோ ஹென்றி என்று தோராயமாக வைத்துக்கொள்ளலாம். 50 மைக்ரான் நீளம் 100 கிகாஹெர்ட்ஸில் 31 ஓம். நம் லோடே 150 ஓம்தான் என்பதை நினைவில் வையுங்கள். அதே அதிர்வெண்ணில் ஆக்சைடுக்குள் அலைநீளம் சுமார் 1.5 மில்லிமீட்டர், கால் அலை 375 மைக்ரான். வயர் அலைநீளத்தில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டினால் அதை டிரான்ஸ்மிஷன் லைனாகவே வரைய வேண்டும், கீழே கிரவுண்ட் தளத்தோடு.

எஸ்ஜி13ஜி2வில் ஏழு உலோக அடுக்குகள். கீழ் ஐந்து மெல்லியவை, மேல் இரண்டும் 2 மற்றும் 3 மைக்ரான் தடிமன். இண்டக்டரும் லைனும் மேலே. டிரான்சிஸ்டர்களுக்கு இடையே உள்ள சின்ன இணைப்புகள் கீழே. டிரான்சிஸ்டரிலிருந்து மேலே ஏறும் வியாக்களின் (அடுக்குகளைச் செங்குத்தாக இணைப்பவற்றின்) அடுக்கையும் மறக்காதீர்கள், ஒவ்வொரு ஏற்றமும் ஃபெம்டோ ஃபாரட்டில் வாடகை கேட்கும்.

முதலில் டிவைடரின் மையத்தை வையுங்கள். லாட்ச்சுக்குள் குறுக்கே போகும் வயர்தான் வேகத்தைத் தீர்மானிக்கிறது, அதை எவ்வளவு குட்டையாக்க முடியுமோ அவ்வளவு ஆக்குங்கள். இடது வலது அச்சு அசலாக இருக்கட்டும். பயாஸ் வயர்கள் எங்கே வேண்டுமானாலும் சுற்றி வரட்டும். வரைந்து முடித்ததும் ஒவ்வொரு முக்கிய வயரின் நீளத்தையும் அளந்து, அதற்கான கெப்பாசிட்டரையும் இண்டக்டரையும் கையாலேயே சர்க்யூட்டில் போட்டு மறுபடி ஓட்டுங்கள். வேகம் கண்டிப்பாக விழும். எந்த வயரால் அதிகம் விழுந்தது என்று ஒவ்வொன்றாக நீக்கிப் பாருங்கள். நீளமான லைன்களை மட்டும் ஓப்பன்இஎம்எஸ்ஸில் கணக்கிட்டால் போதும், எல்லாவற்றையும் அதில் போட்டால் லேப்டாப் நாள்கணக்கில் சுற்றும். டிஆர்சி (லேஅவுட் விதிச் சோதனை), எல்விஎஸ் (லேஅவுட்டும் சர்க்யூட்டும் ஒன்றா என்ற சோதனை) இரண்டும் கேலேஅவுட்டிலேயே இருக்கின்றன.

கிரவுண்டை நம்பாதீர்கள்

சிம்யுலேட்டரின் கிரவுண்ட் சொக்கத் தங்கம். நிஜத்தில் சிப்பிலிருந்து போர்டுக்கு ஒரு மில்லிமீட்டர் பாண்ட் வயர் போனால் 1 நானோ ஹென்றி, 50 கிகாஹெர்ட்ஸில் 314 ஓம். அப்படி ஒரு கிரவுண்டை கிரவுண்ட் என்றே சொல்ல முடியாது. சிஎம்எல் பிழைப்பதற்குக் காரணம், டிஃபரன்ஷியலாக இருப்பதால் சப்ளையிலிருந்து இழுக்கும் கரண்ட் ஏறக்குறைய மாறாமல் இருக்கிறது. அதனால் ஏதாவது ஓரிடத்தில் சிங்கிள்-எண்டட் ஆக்கி மிச்சம் பிடிக்கலாம் என்று தோன்றினால், கையைக் கட்டிக்கொள்ளுங்கள்.

சப்ளையை ஆடாமல் வைக்கும் டீகப்ளிங் கெப்பாசிட்டர் சிப்பிலேயே வேண்டும். எம்ஐஎம் கெப்பாசிட்டர் (இரண்டு உலோகப் படலம், நடுவில் இன்சுலேட்டர்) ஒரு சதுர மைக்ரானுக்கு 1.5 ஃபெம்டோ ஃபாரட், 10 பிகோ ஃபாரட்டுக்கு 82க்கு 82 மைக்ரான் இடம் போகும். போட்டதும் ஒரு புதுச் சிக்கல்: அந்த 10 பிகோ ஃபாரட்டும் பாண்ட் வயரின் 1 நானோ ஹென்றியும் சேர்ந்து 1.6 கிகாஹெர்ட்ஸில் மணியடிக்கும். கெப்பாசிட்டரில் ஒரு பகுதியோடு தொடராகப் பத்து ஓம் வைத்தால் அடங்கும். பாண்ட் வயர் மாடலை முதல் நாளிலிருந்தே டெஸ்ட்பெஞ்சில் (சிம்யுலேஷனில் ஓட்டும் சோதனைச் சர்க்யூட்டில்) வைத்திருங்கள்.

அனுப்புவதும் அளப்பதும்

வேஃபரைப் பலர் பங்கிட்டுக்கொள்ளும் சுற்றுகளை ஐஎச்பி நடத்துகிறது. திறந்த மூல வடிவமைப்புகளுக்கு இலவசமாக இடம் கொடுத்த சுற்றுகளும் இருந்திருக்கின்றன. அதற்கு விண்ணப்பிக்க, உங்கள் எல்லாக் கோப்புகளும் பொதுவில் இருக்க வேண்டும். தனியாக விண்ணப்பிப்பதைவிடக் கல்லூரியில் ஒரு பேராசிரியரைச் சேர்த்துக்கொள்ளுங்கள், காரணம் அடுத்த பத்தியில்.

50 கிகாஹெர்ட்ஸ் அளக்க வேண்டுமானால் புரோப் ஸ்டேஷனும் சிக்னல் ஜெனரேட்டரும் ஸ்பெக்ட்ரம் அனலைசரும் வேண்டும். இவற்றை ரிச்சி தெருவில் தேட முடியாது, ஏதாவது ஒரு பெரிய லேபின் கதவைத்தான் தட்ட வேண்டும். அங்கே என்ன புரோப் இருக்கிறது என்று லேஅவுட்டுக்கு முன்பே கேளுங்கள். கிரவுண்ட்-சிக்னல்-கிரவுண்ட் புரோபுகளில் 100 மைக்ரான் இடைவெளி பரவலானது, உங்கள் பேடுகள் (சிப்பின் மேல் புரோப் தொடும் உலோகத் தகடுகள்) அதற்குப் பொருந்த வேண்டும். மூலையில் ஒரு தனி டிரான்சிஸ்டரும், வெறும் பேடுகள் மட்டும் உள்ள ஒன்றும், பேடுகளைக் குறுக்கே இணைத்த ஒன்றும் வையுங்கள். பேடின் பங்கைக் கழித்து டிரான்சிஸ்டரை மட்டும் பார்க்க அவைதான் வழி. அவுட்புட் நேரடியாக 50 ஓம் கருவியை ஓட்ட வேண்டியிருக்கும், ஆகவே கடைசி பஃபருக்குத் தனியாகக் கரண்ட் ஒதுக்குங்கள்.

சிப் கைக்கு வந்ததும் கிளாக் கேபிளைத் தொடாதீர்கள். சப்ளையில் கரண்ட் லிமிட்டைச் சிம்யுலேஷனில் வந்ததைவிட இருபது சதவீதம் மேலே வைத்து, வோல்டேஜை பூஜ்யத்திலிருந்து மெல்ல ஏற்றுங்கள். ஒவ்வொரு 0.2 வோல்ட்டுக்கும் கரண்டைக் குறித்து சிம்யுலேஷன் கோட்டோடு ஒப்பிடுங்கள். இரண்டும் ஒத்துப்போனால், கிளாக் இல்லாமலே ஸ்பெக்ட்ரம் அனலைசரைப் பாருங்கள். தானாக ஆடும் அந்த ஒற்றைக் கோடு எந்த அதிர்வெண்ணில் நிற்கிறது என்று குறித்துக்கொண்டு, அதற்கு இரட்டிப்பில் கிளாக் கொடுத்து அளவெடுக்கத் தொடங்கலாம்.